படம் வெளியே வண்டியில் இருக்கிறது

யேசுதாஸ் தம்பி படம் போட உட்கார்ந்தால் முதலில் கேட்பது முறம்தான். தூரிகை, வண்ணம் எல்லாம் பிறகு. தாமல் ஏரியிலிருந்து கோணியில் அள்ளிவந்த வண்டலை முறத்தில் கொட்டிப் புடைத்து, கப்பியைத் தனியாகவும் நைசு மண்ணைத் தனியாகவும் எடுத்து வைப்பார். அது என் முறம். "அக்கா, முறம் இருக்குதா" என்று பின்பக்கத்திலிருந்து குரல் வரும். நான் அரிசி புடைக்க வேறு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அவர் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. முன்பு எங்கள் தறி இரண்டும் அங்கேதான் இருந்தன. மழைக்கு ஒழுகுகிறது என்று தறியை முன் அறைக்கு மாற்றினோம். ஒழுகினாலும் பரவாயில்லை என்று இவர் வந்தார். சொந்த ஊர் முசரவாக்கம். மனைவி இறந்த பிறகு, மகள் ஏஞ்சல் ஏனாத்தூர் காலேஜுக்குப் போய்வரச் சுலபமாக இருக்கட்டும் என்று டவுனுக்கு வந்தவர். அவர்கள் வேதக்காரர்கள். சாய்ப்பை அவருக்கு விட்டபோது தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். என் வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் அதிகம் பேசாத ஆள். "ஒழுகற எடத்துக்கு ஜாதகம் பாத்தா ஆள் அனுப்புவாங்க?" என்று மட்டும் கேட்டார். அதோடு பேச்சு நின்றது.

யேசுதாஸ் முதலில் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். பட்டுக் கடை, பாத்திரக் கடை, ரைஸ் மில், லாரி முகப்பு என்று இந்த ஊரில் அவர் எழுதாத பெயர் கிடையாது. பிளக்ஸ் வந்ததும் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டு மாடிச் சுவரில், ஈரம் காயாத பெயிண்டில், அரசிலை ஒன்று பறந்துவந்து ஒட்டிக்கொண்டது. எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே. இவர் ஏணியில் நின்றபடி அதையே ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறார். பிறகு இறங்கிப் போய் இன்னும் கொஞ்சம் இலை பொறுக்கிவந்து பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அந்த வீட்டின் சொந்தக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது ஒரு பக்கச் சுவர் மரமாகி இருந்தது. அன்றோடு அந்த வேலை போனது, இந்த வேலை வந்தது.

பலகையில் ஏரி மண்ணைப் பூசி, அது காய்ந்து வெடிக்கும்வரை காத்திருப்பார். வெடிப்புக்குள் பட்டு நூல் கழிவைத் திணிப்பார். கொக்கு இறகு, தென்னம்பன்னாடை, நாவல் கொட்டை, உதிர்ந்த ஜரிகை, எதையும் விடமாட்டார். கிட்டத்தில் பார்த்தால் குப்பை. நாலடி தள்ளி நின்றால் ஏரி. இன்னும் தள்ளி நிற்க எங்கள் வீட்டில் இடமில்லை, மாடு முட்டும்.

ஏஞ்சல் அந்தப் படங்களைப் போனில் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஜீவிதா என்ற பெண் கூப்பிட்டாள். அவள் ஒரு சின்னப் படக் கூடம் வைத்திருக்கிறாள். ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள், ஐந்து பேர் படங்களை வைக்கப்போவதாகவும், அதில் யேசுதாஸின் பெரிய ஏரிப் படம் ஒன்று வேண்டும் என்றும் சொன்னாள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்போகும் அட்டையையும் போனில் அனுப்பினாள். 'யேசுதாஸ், முசரவாக்கம்' என்று இருந்தது.

அதைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாபா அதுல?" என்று கேட்டேன்.

"முப்பது வருசமா அடுத்தவன் பேரை எழுதிக்கினு இருந்தேங்க்கா. என் பேரு செவுத்துல இருக்கப் போவுது. மூணு நாளு."

படத்தோடு கூட ஒரு தாளும் நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதில் ஒரு கேள்விக்கு இவருக்குப் பதில் தெரியவில்லை.

"என் மேல யாரோட தாக்கம் இருக்குதுன்னு எழுதணுமாம்" என்றார்.

"தாக்கம்னா?"

"யாரைப் பாத்து நான் இப்டி ஆனன்னு கேக்கறாங்க."

"அதை நானே எத்தினி நாளா கேக்கணும்னு நெனச்சிக்கினு இருக்கேன்."

ஏரி காய்ந்தால் விழும் வெடிப்பு, முதல் மழைக்கு அது மூடிக்கொள்கிற விதம், கொக்கு நடந்துபோன தடம் என்று எழுதினார். ஏஞ்சல் வாங்கிப் பார்த்தாள். "அப்பா, ஆளோட பேரு எழுதணும்பா. ஃபேமஸான ஆளு" என்றாள். அவர் ரொம்ப நேரம் யோசித்து, 'கலியாணசுந்தரம், நெசவு' என்று எழுதிவிட்டார். என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"நான் இன்னாபா பண்ணேன் உன்ன?"

"நீ நூலை அறுத்துப் பாக்காமலே பின்னால போடற இல்லண்ணே. அது வுழற எடம் ஒவ்வொண்ணும் கரெக்டா இருக்குது."

அதன் பிறகு ஒரு வாரம் என் வீட்டுக்காரர் நூலைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். யேசுதாஸ் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கெட்டுப்போச்சு" என்றார்.

இனி வரும் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. படத்தில் மண் ஒட்டுவதற்கு அவர் எப்போதும் மைதா பசைதான் காய்ச்சுவார். அதில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார். போஸ்டர் ஒட்டுகிறவர்கள்கூட அதைப் போடாமல் பசை காய்ச்சமாட்டார்கள். போட்டால் பூச்சி அண்டாது. ஆனால் துத்தம் போட்டால் லேசாக நீலம் ஏறும். இந்தப் படத்துக்கு அவருக்கு ஏரிக்கரைச் சுக்கான் மண்ணின் வெள்ளை வேண்டும். அன்று தெருவில் தறிக்கு ஏற்றும் பட்டுப் பாவை நீட்டி அரிசிக் கஞ்சி போட்டிருந்தோம். பட்டுக்குப் போடும் கஞ்சியில் துத்தமெல்லாம் கிடையாது. மிச்சம் அரைக் குண்டான் இருந்தது. "நல்ல வெள்ளையா இருக்குது, எடுத்துக்கோ" என்று நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

படத்தை முடித்தும் முடிக்காமலும் பின்பக்க மண்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அரக்கோணத்தில் ஒரு வீட்டு வேலை என்று பத்து நாள் போய்விட்டார். நடுவில் நல்ல மழை. திரும்பிவந்து பார்த்தால், தரையிலிருந்து கரையான் கிளம்பி, படத்துக்குப் பின்னால் ஒரு முழ உயரத்துக்குப் புற்று வைத்திருந்தது. அங்கிருந்து பலகையின் மேல்விளிம்பைத் தாண்டி முன்பக்கம் இறங்கி, ஏரி முழுக்கக் கிளை கிளையாக மண் கோடு போட்டிருந்தது.

யேசுதாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, இந்தக் கோடு எனக்கு மூணு மாசமா வரல" என்றார்.

அன்று ஆடி முதல் வெள்ளி. விளக்கேற்றிவிட்டுக் குங்குமச் சிமிழோடுதான் நான் பின்பக்கம் போயிருந்தேன். கண்ணெதிரே புற்று. வெள்ளிக்கிழமை அதுவுமாகப் புற்றைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன். யேசுதாஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ வைக்கா, அங்க சேப்பு பத்தல" என்றார். அவர் படத்துக்காகச் சொன்னார். நான் அம்மனுக்கு வைத்தேன்.

அதோடு போயிருக்கும். மறுநாள் பொன்னியம்மாள் கறிவேப்பிலை பறிக்க வந்தார். எங்கள் தெருவில் ஆடிக் கூழ் ஊற்றுவதும், அம்மன் விஷயத்தில் எது ஆகும் எது ஆகாது என்று சொல்வதும் அவர்தான். கறிவேப்பிலையை மறந்துவிட்டு வெளியே போனார். சாயங்காலம் பதினோரு பெண்கள் பால் சொம்போடு வந்தார்கள். அதற்கடுத்த நாள் முட்டையும் வந்தது. வரிசை தறி அறை வழியாகத்தான் பின்பக்கம் போயாக வேண்டும். என் வீட்டுக்காரர் நெய்துகொண்டே இருந்தார், பக்கத்தில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

யேசுதாஸ் யாரையும் தடுக்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "பாலை எடது ஓரமா ஊத்தும்மா, நடுவுல நூல் ஊறிடும்... மஞ்சளை அள்ளிப் போடாத, தூவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்களும் பூசாரி சொல்வதைக் கேட்பதுபோல் கேட்டார்கள்.

"காலேஜ்ல கேட்டா எங்கப்பா ஆர்ட்டிஸ்ட்னு சொல்லவா, பூசாரின்னு சொல்லவா?" என்றாள் ஏஞ்சல். "சர்ச்சுல வேற கேப்பாங்க."

"பெயிண்டர்னு சொல்லு. ரெண்டு எடத்துக்கும் பொதுவா இருக்கும்."

இப்படியே பத்து நாள் போனது. வியாழக்கிழமை படத்தைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். புதன்கிழமை அவர் சாக்கும் கயிறும் எடுத்துவந்ததைப் பார்த்து, பொன்னியம்மாள் புற்றுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா தாஸு, பண்ற?"

"படத்தைக் கட்டறேம்மா. எக்ஸிபிஷனுக்கு நாளைக்கு எடுத்துக்கினு போவணும்."

"புத்து வெச்சதை எடம் மாத்தக் கூடாது. உனக்குத் தெரியாது, நீ வேதக்காரன். இந்த வீட்டம்மாவுக்குத் தெரியும். கேளு."

என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல? குங்குமம் வைத்தவள் நான்.

"பொன்னிம்மா, நான் கட்டின பலகைம்மா இது" என்றார் யேசுதாஸ்.

"பலகை உன்னுது. யார் இல்லைன்னா? மேல இருக்கறவ உன்னுது இல்ல."

"மூணே நாளு. என் பேரு செவுத்துல இருக்குது. படம் இல்லாம பேரு மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்? கொண்டாந்து இதே எடத்துல வெச்சிடறேன்."

பொன்னியம்மாளும் கல்மனசு இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அவளையே கேட்டுடலாம்" என்றார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் மடித்துப் புற்றுக்கு முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுப்பது யார் என்று அடுத்த சிக்கல். மனசில் வேண்டுதல் இருக்கிறவர்கள் எடுக்கக் கூடாதாம். தெருவில் அந்த வாரம் வேண்டிக்கொள்ளாதவர்களே இல்லை. கடைசியில் காலேஜ் பையோடு உள்ளே வந்த ஏஞ்சலைப் பிடித்தார்கள்.

"நான் எடுத்தா செல்லுமா ஆன்ட்டி?"

"உனக்குத்தான் இங்க ஒண்ணும் வேண்டுதல் இல்லியே. ஷூவைக் கழட்டிட்டு எடு."

யேசுதாஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஏஞ்சல் எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

பொன்னியம்மாள் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரி, போறேன்றா. ஆனா தனியா அனுப்ப முடியாது" என்றார்.

புற்று சுவரோடு சேர்ந்து வளர்ந்திருந்தது. இரும்பு படக் கூடாது என்றார்கள். என் வீட்டுக்காரர் பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி, ஒரு முனையை அவரும் மறுமுனையை யேசுதாஸும் பிடித்து, சோப்புக் கட்டியை அறுப்பதுபோல் சுவரிலிருந்து அறுத்து எடுத்தார்கள். கோயம்பேட்டுக்குக் கோஸ் ஏற்றிப்போகிற வேலாயுதத்தின் குட்டியானை வண்டியில், மரப்பலகைத் தளத்தின் மேல் கோணிகளை மடித்துப் போட்டு, படத்தை நிமிர்த்திக் கட்டினோம். சுற்றி ஏழு பெண்கள். யேசுதாஸும் என் வீட்டுக்காரரும் ஏஞ்சலும் கூடவே ஒண்டிக்கொண்டார்கள். மறுநாள் ஆடி வெள்ளி என்பதால் கூழ்ப்பானையும் வந்தது.

"மெதுவா ஓட்டு வேலாயுதம், அம்மாவுக்கு ஆட்டம் ஆகாது" என்று வழி முழுக்கப் பொன்னியம்மாள் சொல்லிக்கொண்டே வந்தார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். டோல்கேட்டில் ஒரு பிள்ளை, "இன்னா லோடு?" என்றது. "நீயே பாத்துக்கோபா" என்றான் வேலாயுதம். அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கட்டையைத் தூக்கிவிட்டது.

ஜீவிதா வாசலிலேயே நின்றிருந்தாள். நல்ல பெண். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சார், இந்த மண் கோடெல்லாம் போட்டோல பாத்ததைவிட நல்லா இருக்கு. எப்டி சார் பண்ணீங்க?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "நான் பண்ணலம்மா. கரையான் பண்ணது. உள்ள இருக்குது."

"உள்ளன்னா?"

"குடும்பத்தோட."

ஜீவிதா படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மற்ற நாலு பேர் படங்களும் துணியும் மரமுமாக இருக்கின்றன, ஒரு கரையான் இறங்கினாலும் போச்சு என்றாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். படத்தை பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே மருந்து வைத்துவிடலாம். காலையில் எடுத்து மாட்டிவிடலாம்.

"மருந்துன்னா, சாவறதுக்கா?" என்றார் பொன்னியம்மாள்.

"ஆமா ஆன்ட்டி."

எல்லோரும் யேசுதாஸைப் பார்த்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெள்ளைச் சுவரில் ஒரு ஆணி, பக்கத்தில் அட்டை. தன் பெயருக்குக் கீழே விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியாக இருக்கிறதா என்று போர்டுக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். வெளியே வந்தார்.

"மருந்து வேணாம்மா."

"அப்போ மாட்ட முடியாதே சார்."

"தெரியும்மா. பாதி வேலை அதுங்க செஞ்சது. அதுங்களைக் கொன்னுட்டு என் பேரைப் போட்டுக்கறது நல்லா இல்ல."

ஜீவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டையை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதற்குக் கீழே ஒரு தாளில், 'படம் வெளியே வண்டியில் இருக்கிறது' என்று எழுதி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை, படம் போடுகிற இன்னொருவர் தன்னிடம் கூடுதலாக ஒரு படம் இருக்கிறது, அந்தக் காலி இடத்தில் மாட்டலாமா என்று கேட்டார். யேசுதாஸ் விறுவிறுவென்று போய் ஆணிக்குக் கீழே நின்றுகொண்டார். "காலி இல்ல சார்" என்றார். மூன்று நாளும் அங்கேயே நின்றார். சாப்பிடப் போகும்போது என் வீட்டுக்காரரை நிறுத்திவிட்டுப் போவார்.

படம் எதனால் ஆனது என்பதையும் ஜீவிதா அட்டையில் சேர்த்து எழுதியிருந்தாள். வருகிறவர்கள் அதைப் படிப்பார்கள். 'யேசுதாஸ், முசரவாக்கம். ஏரி. மண், அரிசிக் கஞ்சி, பட்டு நூல், இறகு, மஞ்சள், குங்குமம், கரையான்.' படித்துவிட்டு அவரைப் பார்ப்பார்கள். அவரோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அசையாமல் நிற்பார். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் இடது பக்கமிருந்து பார்த்தார், வலது பக்கமிருந்து பார்த்தார், ஜீவிதாவிடம் போய், "தொட்டுப் பாக்கலாமா?" என்று மெல்லக் கேட்டார். யேசுதாஸுக்குக் காதில் விழுந்துவிட்டது. "தொடுங்க சார்" என்றார். பெரியவர் யேசுதாஸின் சட்டைக் கையை லேசாகத் தொட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர் நின்ற நேரத்தில் ஒரு பெண் போட்டோ எடுத்துவிட்டுப் போனாளாம். அதை அவர் இன்றுவரை சரியாகச் சொல்லமாட்டேன் என்கிறார்.

தாளைப் படித்தவர்கள் வெளியே வண்டிக்கு வந்தார்கள். அங்கே பொன்னியம்மாள் மஞ்சள் கொடுத்தார், கூழ் கொடுத்தார், கடித்துக்கொள்ள வெங்காயமும் கொடுத்தார். ஏஞ்சல் எல்லோருக்கும் இங்கிலீஷில் விளக்கம் சொன்னாள்.

"இன்னா வேண்டுதல்?" என்று பொன்னியம்மாள் ஒரு அம்மாவைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க, சும்மா படம் பாக்கலாம்னு வந்தேன்."

"சும்மா யாரும் இவ்ளோ தூரம் வரமாட்டாங்க. சொல்லுமா."

அந்த அம்மா காரில் வந்தவர். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து பொன்னியம்மாள் காதில் ஏதோ சொன்னார். மறுநாள் அவரே பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்படி மூன்று நாளாக ஊற்றிய பாலும் தண்ணீரும் கீழேதானே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வேலாயுதம் வண்டியைக் கழுவலாம் என்று கோணியைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். ஊறிப்போன கோணிக்கு அடியில், தளத்துப் பலகை இடுக்கில், கட்டைவிரல் உயரத்துக்குப் புதிதாக ஒரு புற்று. கரையான் மொத்தமும் படத்தை விட்டு வண்டிக்கு இறங்கியிருந்தது. ஈர மரம் கிடைத்தால் காய்ந்த பலகை எதற்கு?

"ஐயோ, நாளைக்கு நான் கோஸ் ஏத்தணும்மா" என்றான் வேலாயுதம்.

"ஏத்து. யார் வேணாம்னா? ஓரமா ஏத்து" என்றார் பொன்னியம்மாள். அதற்குள் மஞ்சள் குழைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏஞ்சல் உள்ளே ஓடி ஜீவிதாவை இழுத்துவந்தாள். வெள்ளைத் தாளைக் கீழே விரித்து, படத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கொக்கு இறகு ஒன்று விழுந்தது. அவ்வளவுதான். ஜீவிதா பூதக்கண்ணாடி எடுத்துவந்து மூன்று தடவை பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்ல சார். கோடு மட்டும்தான் இருக்கு" என்றாள். "ஏழு மணிக்கு மூடணும். மாட்டிடலாமா?"

என் வீட்டுக்காரரும் வேலாயுதமும் படத்துக்குப் பின்னாலிருந்த பழைய புற்று உதிராமல் துணி சுற்றிப் படத்தைத் தூக்கிவந்தார்கள். ஒரு ஆணி தாங்காது என்று கீழே முட்டுக் கொடுத்து மாட்டினார்கள். யேசுதாஸ் இடம்விட்டு நகர்ந்தார். மூன்று நாள் சாய்ந்து நின்றதில் அவர் முதுகெல்லாம் சுண்ணாம்பு.

கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் வெளியே ஓடியிருந்தார்கள். வண்டியில் புதிதாகப் புற்று வைத்திருக்கிறது என்று யாரோ சொல்லி, தெருவில் போகிறவர்களும் கூடிவிட்டார்கள். ஜீவிதாகூடப் படம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கே போனாள். நானும் வாசல்வரை போனேன். எனக்கு மனசு கேட்கவில்லை, திரும்பி உள்ளே வந்தேன்.

யேசுதாஸ் எதிர்ச்சுவர் ஓரமாக, தரையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தள்ளி உட்கார இடம் இருந்தது.

"போய்க் கூட்டியாரட்டுமா தாஸு? மூணு நாளா நின்னியே, நாலு பேராவது பாக்கட்டும்."

"வரட்டும்க்கா, நிதானமா வரட்டும். எனக்கு இன்னும் பாத்து முடியல."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைச் சொன்னால், கும்பிடத் தோன்றியது, கையெடுக்காமல் அடக்கிக்கொண்டேன். அவருக்கும் படத்துக்கும் நடுவில் போய் நான் ஏன் நிற்க வேண்டும்?

கொஞ்ச நேரம் கழித்து, "பேரு படத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்குதாக்கா?" என்று கேட்டார்.

எழுந்து போய் அளந்து பார்த்தேன். நாலு விரற்கடை இருந்தது.

"இல்லப்பா. சரியாத்தான் இருக்குது."

ஏழு மணிக்கு ஜீவிதா விளக்கை அணைக்க வரும்வரை வேறு யாரும் உள்ளே வரவில்லை.